இடது பக்கத்துப் பாக்கெட்

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் குண்டூசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆல்டரேஷன் கடையில் தையல் வேலை. எப்போது பார்த்தாலும் வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பாள். தைக்கிறவர்கள் பலருக்கும் உள்ள பழக்கம்தான் அது. ஆனால் மற்றவர்கள் ஆள் வந்தால் ஊசியை எடுத்துவிட்டுப் பேசுவார்கள், இவள் ஆள் வந்தால்தான் ஊசியை வாயில் வைப்பாள். வாயில் ஊசி இருக்கிறவளிடம் போய் சொந்த ஊர் எது, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? "ம்" என்றால் ஆமாம். "ம்ஹூம்" என்றால் இல்லை. அதோடு சரி.

"பாவம், ரொம்ப அமைதி" என்பார்கள் தெருவில். அமைதியாவது மண்ணாவது! பயம். சுத்தமான பயம்.

கூடப்பிறந்தவன் ஒருவன் அவளுக்கு இருந்தான். ஒரே அண்ணன். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கையில் கறுப்புக் குடையோடு திரிந்தவன். ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக நான்கு பெண்களைக் கொன்றவன். பத்திரிகைக்காரர்கள் அவனுக்குக் குடைக்காரன் என்று பெயர் வைத்தார்கள். ஆயுள் முழுக்க ஜெயில் என்று தீர்ப்பானது. அப்பாவும் அம்மாவும் வெளியில் தலைகாட்ட முடியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்து போய்ச் சேர்ந்தார்கள். இவள் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, யாருக்கும் முகம் தெரியாத இந்த ஊருக்கு வந்தாள்.

இங்கேதான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் பேன்ட் நீளம் குறைக்க வந்தார். ஒரே பேன்ட்டை மூன்று தடவை குறைக்கக் கொண்டுவந்தார் என்றால் விஷயம் என்ன என்று உங்களுக்கே தெரியும். இவள் எல்லாவற்றையும் அவரிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "நீ யாரையும் கொல்லலையே? அப்புறம் என்ன?" என்றார். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்துவிட்டது.

ஒரு மகள் பிறந்தாள். இப்போது பள்ளியின் கடைசி வருஷம். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவாள் என்று அப்பா அவளை வக்கீல் என்று கூப்பிடுவார். மாமா ஒருவர் இருந்தார், சின்ன வயதிலேயே காய்ச்சலில் செத்துவிட்டார் என்பதுதான் வக்கீலுக்குத் தெரியும். குண்டூசி அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வேண்டுதல்தான். இந்தக் குழந்தைக்குத் தெரிந்துவிடக் கூடாது. ஊரே காறித் துப்பட்டும், துடைத்துக்கொள்ளலாம். மகள் ஒரு தடவை வேறு மாதிரி நிமிர்ந்து பார்த்தால் அதோடு செத்தேன் என்று நினைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு படக் கம்பெனிக்காரர்கள் டிவித் தொடர் ஒன்றை விட்டார்கள். பெயரே குடைக்காரன். வாரம் ஒரு பாகம். நான்கு பெண்கள் செத்த கதையில் அவர்கள் என்னத்தைக் கண்டார்களோ, பாட்டு வைத்தார்கள், மழை வைத்தார்கள், குடைக்காரனாக நடிக்க ஒரு சினிமாப் பையனைப் பிடித்துப் போட்டார்கள். பார்க்க அவ்வளவு லட்சணம் அவன். பேருந்து நிறுத்தத்தில் நின்ற சின்னப் பெண்கள் "கொன்னாலும் பரவாயில்லடி, அந்தக் கண்ணைப் பாரேன்" என்று சிரித்தார்கள். குண்டூசி அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்து வந்த பேருந்து எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டாள்.

தொடர் ஆரம்பிக்கும்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும்: உயிரிழந்தவர்களின் நினைவுக்கு இது காணிக்கை. என்ன பெருந்தன்மை! அந்த நாலு வீட்டில் ஒரு வீட்டுக்காவது போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டார்களா? கிடையாது. படம் போட்ட குடை விற்றார்கள், கோப்பை விற்றார்கள், சாவிக்கொத்து விற்றார்கள். ஊருக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? கையெழுத்து வேட்டை, ஊர்வலம், கம்பெனி வாசலில் குடைகளைப் போட்டு உடைப்பது என்று தினம் ஒரு ரகளை. அதையும் டிவிக்காரன் விட்டுவைக்கவில்லை. கோபப்படுகிறவர்களைக் கூட்டிவந்து உட்காரவைத்து, அவர்கள் அழும்போது நடுவில் சோப்பு விளம்பரம் போட்டான். திட்டுவதற்காகவே பார்த்தவர்கள் பாதிப் பேர், ஆக தொடர் இன்னும் பிய்த்துக்கொண்டு ஓடியது.

அந்தக் கோபக்காரர்களில் முதல் ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? வீட்டு வக்கீலேதான்.

"செத்தவங்களை வெச்சு சம்பாதிக்கிறாங்கம்மா. இது பொணத்துமேல கடை போடுறது இல்லையா?" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கத்துவாள்.

"சாப்பிட்டுட்டு கத்து. தெம்பா இருக்கும்" என்பார் அப்பா.

"நீங்க விளையாடாதீங்கப்பா. அந்த ஆளோட குடும்பம்னு ஒண்ணு இருக்கும்ல? அவங்கதான் கதையை வித்திருப்பாங்கன்னு எங்க டீச்சர் சொல்றாங்க. காசை வாங்கிட்டு எங்கயாவது ஜம்முன்னு உக்காந்திருப்பாங்க. ஒருத்தராவது வெளிய வந்து இது தப்புன்னு சொன்னாங்களா?"

லிஃப்ட்காரருக்குப் புரையேறியது. மனைவியைப் பார்க்காமல் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார். குண்டூசி அக்கா எழுந்துபோய்க் கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள். குழாய்ச் சத்தத்தில் மகள் பேசுவது கேட்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

தூக்கம் போயிற்று. கதவு தட்டினால் திக்கென்றது. கடைக்கு வருகிறவன் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தால் கண்டுபிடித்துவிட்டான் என்று உள்ளே போய்விடுவாள். தொடரில் குடைக்காரனுக்குத் தங்கை ஒருத்தி உண்டாம், யாரோ ஒரு நடிகை தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாளாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து தன் மெஷினையே பார்க்கப் பயந்தாள். ஆனால் வேலைக்குப் போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே!

ஒரு நாள் கடை முதலாளியம்மா ஒரு படத்தை மேஜைமேல் போட்டாள். நீல ஃப்ராக், வெள்ளைக் காலர். "துணிக்கடையில இருந்து ஆர்டர் வந்திருக்கு. சீரியல்ல கடைசியா சாகுதே அந்தப் பொண்ணு, அது போட்டிருக்கிற டிரஸ். இப்ப எல்லாப் பொண்ணுங்களும் இதைத்தான் கேக்குதாம். நீயே எல்லாத்தையும் தைச்சுடு, உன் கைதான் நேரா போகும்" என்றாள்.

ஐயோ, அந்த ஃப்ராக்!

அந்தக் கடைசிப் பெண் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். அந்த நீல ஃப்ராக்கைத் தைத்துக் கொடுத்ததே இவள்தான். அப்போது வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைப் பெண்ணுக்கு இடது கைப் பழக்கம். பாக்கெட் என்றால் வலது பக்கத் தையலில்தான் வைப்பார்கள். அவள் மட்டும் "எனக்கு இடது பக்கம் வைங்கக்கா, கொஞ்சம் ஆழமா" என்று கேட்டு வாங்கினாள். வெளியில் தெரியாத பாக்கெட். போலீஸ் காட்டிய படத்திலும் தெரியாது, தொடர்க்காரர்கள் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அவள் அளவு கொடுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் அண்ணன் உள்ளே தண்ணீர் குடிக்க வந்தான். அங்கேதான் அவளைப் பார்த்தான். இவள் வீட்டு முன்னறையில், இவள் டேப்புக்குப் பக்கத்தில்.

மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்பார்கள். ஆகவே தைத்தாள். படத்தில் உள்ளபடியே, பாக்கெட் கிடையாது, காலர் வெள்ளை. ஒவ்வொன்றையும் முடித்ததும் உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். முதலாளியம்மா "என்னடி, சோப்புக் கட்டி கரையுது" என்று கிண்டல் செய்தாள்.

ஒரு மத்தியானம் கடை டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைப் பெண்ணின் அம்மா ஊர் ஊராகப் போய்க் கண்டனக் கூட்டங்களில் பேசுகிறாராம். சனிக்கிழமை இந்த ஊருக்கு வருகிறாராம். திரையில் முகத்தைக் காட்டினார்கள். கோர்ட்டில் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அதே முகம். தலை மட்டும் முழுக்க நரைத்துவிட்டது. குண்டூசி அக்கா டிவியைப் பார்க்கவே இல்லை, குனிந்த தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். அன்று என்ன தைத்தாள், எப்படித் தைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தைத்ததை அயர்ன் செய்து மடித்து அடுக்கினாள், முதலாளியம்மா எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் வக்கீல் ஓடிவந்தாள். "அம்மா, சனிக்கிழமை கூட்டம் எங்க ஸ்கூல் ஹால்ல. டீச்சர் என்னையும் மேடையில ஏறச் சொல்லிட்டாங்க. நீயும் வரணும்."

"எனக்குத் தலைவலிடி."

"சனிக்கிழமை வரப்போற தலைவலி இன்னைக்கே தெரியுமா உனக்கு? நீ வரலைன்னா நான் உன்கூட பேசவே மாட்டேன்."

அன்றிரவு கணவரிடம் அழுதாள். "போகாம இருந்தாத்தான் சந்தேகம் வரும். கடைசி வரிசையில உக்காரு, கூட்டத்தோட கூட்டமா வந்துடு" என்றார் அவர். அவருக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

ஹால் நிரம்பி வழிந்தது. சுவரோரமாக மூன்று டிவிக் கேமராக்கள். குண்டூசி அக்கா கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். கையில் ஊசி இல்லை, வாயில் வைத்துக்கொள்ள. உதட்டையே கடித்துக்கொண்டாள்.

அந்தம்மா அதிகம் பேசவில்லை. "என் பொண்ணு எப்படிச் செத்தான்னு நான் மறக்கிறதுக்கு இத்தனை வருஷம் ஆச்சு. இப்ப வாராவாரம் சாகடிக்கிறாங்க. பக்கத்து வீட்டுல சத்தமா வெச்சுப் பாக்குறாங்க. சுவரு வழியா எனக்குக் கேக்குது" என்றார்.

அப்போது வக்கீல் மேடைக்கு ஏறினாள். கையில் துணிக்கடைப் பை ஒன்று. அதிலிருந்து நீல ஃப்ராக் ஒன்றை உருவிக் கூட்டத்துக்குக் காட்டினாள். "பாருங்க! இதையும் கடையில போட்டு விக்கிறாங்க. நம்ம ஊர்லயே விக்கிறாங்க!" என்று கத்தினாள். ஹாலே கொந்தளித்தது. டீச்சர் அதை வாங்கி அந்தம்மா கையில் கொடுத்தார்.

அந்தம்மா வாங்க விருப்பமில்லாமல்தான் வாங்கினார். மடியில் போட்டுத் துணியைத் தடவினார். காலரைத் தடவினார், இடுப்பைத் தடவினார். இடது பக்கத் தையலுக்கு வந்த விரல் அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக உள்ளே போனது. மணிக்கட்டு வரைக்கும் போனது.

கடைசி வரிசையில் இருந்தவளுக்குப் புரிந்துவிட்டது. கடவுளே, வைத்துவிட்டேனே! மூளை டிவியில் இருந்த அந்த மத்தியானம், கை தன் பாட்டுக்குப் பழைய ஃப்ராக்கைத் தைத்திருக்கிறது. ஆழமாகவே வைத்திருக்கிறது.

அந்தம்மா பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார். "இதை யாரு தைச்சது?"

மைக் அதை ஹால் முழுக்கச் சொன்னது. வக்கீலின் முகம் சிவந்தது. "எங்கம்மாதான். கடையில ஆர்டர்னு குடுத்தாங்க. அம்மாவுக்கும் இதுல வருத்தம்தான்" என்றாள்.

"எங்க உங்கம்மா?"

மகளின் விரல் தூணுக்கு நேராக நீண்டது. அத்தனை தலையும் திரும்பியது. மூன்று கேமராவும் திரும்பியது. குண்டூசி அக்கா நிமிர்ந்தாள். அந்தம்மா பார்த்தார். கோர்ட்டில் பார்த்த அதே பார்வை. தெரிந்துகொண்டுவிட்டார், சந்தேகமே இல்லை. ஒரு வார்த்தை போதும். அந்த மைக்கில் ஒரே ஒரு வார்த்தை, நாளைக்குக் காலையில் இந்த முகம் எல்லா டிவியிலும் சோப்பு விளம்பரத்துக்கு முன்னால் வரும். மகள் மேடையில் நின்றுகொண்டே அதைக் கேட்பாள்.

கேமராக்காரன் ஒருவன் குரல் கொடுத்தான். "என்னம்மா, அந்த டிரஸ்ல என்ன இருக்கு?"

அந்தம்மா அவனைப் பார்த்தார். மறுபடி தூணைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லப்பா. தையல் நல்லா இருக்கு" என்று சொல்லி ஃப்ராக்கை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

குண்டூசி அக்கா கூட்டம் முடியும்வரை இருக்கவில்லை. வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று தெரியாது. பீரோவைத் திறந்து துணிகளை அள்ளிப் பெட்டியில் போட்டாள். "கிளம்புங்க. எங்கயாவது போயிடலாம். அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். அவள் பெட்டியில் போட்டதை லிஃப்ட்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். "எங்க போனாலும் இந்த சீரியல் ஓடும். உக்காரு முதல்ல" என்றார்.

கதவு மணி அடித்தது. மகள் வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தம்மா.

"உங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி கிடைக்குமான்னு கேட்டாங்கம்மா. நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் மகள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் வந்தது, குடிக்கவில்லை. குண்டூசி அக்கா மகளிடம் "கடைக்குப் போய் பால் வாங்கிட்டு வா" என்றாள்.

"ஃபிரிட்ஜுல நிறைய இருக்கே?" என்றாள் வக்கீல்.

"அவளை அனுப்பணும்னா அனுப்பு. நான் சண்டை போட வரல. அவ முன்னாடி எதையும் போட்டு உடைக்கணும்னும் வரல" என்றார் அந்தம்மா. மகள் நகரவில்லை. அந்தம்மாவின் குரல் இறங்கியது. "சீரியல்ல என் பொண்ணு என்னென்னமோ பேசுறா. காதல் பேசுறா, கவிதை மாதிரி பேசுறா. எல்லாம் அவனுங்க எழுதிக் குடுத்தது. அதைக் கேட்டுக் கேட்டு நிஜமா அவ எப்படிப் பேசுவான்னு எனக்கு மறந்துட்டே வருது. பயமா இருக்கு எனக்கு. அவ குரலையும் எடுத்துட்டுப் போயிடுவானுங்க போலிருக்கு. நீ அவகிட்ட பேசியிருக்க. நிஜமா அவ சொன்னது ஏதாவது ஒண்ணு சொல்லு. போயிடறேன்."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மாவுக்கு எப்படி...?" என்று ஆரம்பித்தாள்.

தெரியாது, ஆள் மாறி வந்துவிட்டீர்கள் என்று சொல்லிவிடலாம். அந்தம்மா எழுந்து போய்விடுவார், காட்டிக்கொடுக்க மாட்டார். மகள் மகளாகவே இருப்பாள். எதிரில் இருந்தவர் கண்ணைத் துடைக்கக்கூட மறந்து குண்டூசி அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிச்சை கேட்கிற கண். அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"அளவு குடுக்க வந்தப்ப எங்க வீட்டு முன்னறையிலதான் நின்னா" என்று ஆரம்பித்தாள்.

"நம்ம வீட்லயா?" என்றாள் மகள்.

"இல்லடி. எங்கப்பா வீட்ல. நானும் எங்கண்ணனும் இருந்த வீட்ல."

சொல்லியாகிவிட்டது. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குண்டூசி அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் மீதி வாயில் வராது. அந்தம்மாவைப் பார்த்தே சொன்னாள்.

"கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கி வைக்கச் சொன்னா. உங்கம்மா திட்டுவாங்கடின்னு சொன்னேன். 'திட்டினா தையல்காரி தப்பா வெட்டிட்டாள்னு சொல்லிடறேன்க்கா, எங்கம்மா உங்களைத் திட்டட்டும், நீங்க ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டீங்க'ன்னு சொல்லிட்டு சிரிச்சா. சிரிச்ச சிரிப்புல டேப் நழுவிடுச்சு. திரும்ப அளந்தேன்."

அந்தம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தார்கள். சிரித்தார்.

"திட்டினேனே! 'அந்தத் தையல்காரிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா'ன்னு கத்தினேனே! அந்தக் கழுதை பக்கத்துல நின்னு தலையை ஆட்டினாளே!" என்றார். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார். "இதை வேற யாருகிட்டயும் சொல்லிடாத. அவனுங்க காதுல விழுந்தா இதையும் எடுத்துப் போட்டுடுவானுங்க."

லிஃப்ட்காரர் அவரைப் பேருந்து ஏற்றிவிடக் கூடவே போனார்.

வீட்டில் இரண்டு பேர்தான். மகள் சுவரோரமாகவே சறுக்கித் தரையில் உட்கார்ந்திருந்தாள். குண்டூசி அக்கா நின்ற இடத்தில் நின்றாள். கத்துவாள், டிவிக்காரனிடம் சொல்லிவிடுவாள், பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள், இனிமேல் அம்மா என்றே கூப்பிட மாட்டாள் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து நடுங்கினாள். ஏன் மறைத்தாய் என்றுகூட வக்கீல் கேட்கவில்லை. சின்ன வயதில் இருட்டைப் பார்த்துப் பயந்தபோது வருமே, அந்தக் குரலில் கேட்டாள்.

"நான் அவன் மாதிரி இருக்கேனாம்மா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. இத்தனை வருஷமும் தன்னை மகள் எப்படிப் பார்ப்பாளோ என்றே பயந்திருந்தாள். மகள் தன்னையே எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இன்னொரு பொய்யா? போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெத்தி மட்டும்" என்றாள்.

மகள் சட்டென்று கையால் நெற்றியை மூடிக்கொண்டாள். குண்டூசி அக்கா தன் முடியைப் பின்னால் தள்ளித் தன் நெற்றியைக் காட்டினாள். "இந்தா, எனக்கும் இதேதான். இது எங்கப்பாவோடது. அவனுக்கும் குடுத்தார், எனக்கும் குடுத்தார். நான் உனக்குக் குடுத்தேன். அவன் குடுக்கல."

மகள் கையை எடுக்கவில்லை. மூடிய கையோடே அம்மாவின் மடியில் சாய்ந்தாள்.

"எனக்கு பயமா இருக்கும்மா."

குண்டூசி அக்கா இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொன்னாள்.

"எனக்கும்தான்டி."